தமக்கை தாயாகாள்!

ஒரு மொழிக்குப் பெருமை தேட விழைவார், அதனை வேறொரு பெருமொழியின் வயிற்றிற் பிறந்ததென்பர். அதனைத் தாழ்த்த விழைவாரும் அதையே கூறுவர். முன்னவர் மாலை சூட்டுவதாக எண்ணுகின்றனர். பின்னவர் விலங்கு பூட்டுகின்றனர். பொய் ஒன்றே, நோக்கந்தான் வேறு.

ஐரோப்பாவின் வடகிழக்கே, பாலுத்தியக் கடற்கரையில் வழங்கும் இலித்துவேனிய மொழிக்கு இப் பொய் இருமுறை கட்டிவிடப்பெற்றது. பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில் அதனை இலத்தீனின் சிதைவென்றனர். பின்னர் வடமொழிப் பற்றாளர் வந்து, 'அன்று, அஃது எம் மொழியின் மகள்' என்றனர். முதற்கூற்று ஐரோப்பாவில் மாண்டொழிந்தது. இரண்டாவது நம் நாட்டு மேடைகளில் இன்றும் உயிரோடு உலவுகின்றது. 'இலித்துவேனிய உழவனிடம் வடமொழி பேசின் அவனுக்கு விளங்கும்' என்று கூசாமற் கூறுவாரை நாம் கேட்டிருக்கின்றோம். இவ் விரண்டு கூற்றையும் அம் மொழியின் சொற்களைக் கொண்டே அளந்து பார்ப்போம்.

(அயற்சொற்களைத் தமிழெழுத்திலேயே தந்துள்ளேன். ஈற்றில் வரும் 'சு'வை உகரங் குறைத்து மெய்யாகவே ஒலித்துப் படிக்க. இலித்துவேனியத்திற் சகரவொலி இரண்டுண்டு. அவ் வேறுபாட்டை நம் எழுத்திற் காட்டாது விடுத்துள்ளேன்.)

ஒப்புமை இல்லையென்று யாரும் கூறார். நெருப்பு இலத்தீனில் இக்னிசு, இலித்துவேனியத்தில் உக்னிசு. ஆடு அங்கே ஒவிசு, இங்கே அவிசு. இரவு, வேற்றுமையுருபேற்குங்கால் அங்கே நொக்திசு; இங்கே நக்திசு. பல் அவ்வாறே தெந்திசு, தந்திசு. ஆண்மகன் விர், வீரசு. நுகம் யுகும், யுங்கசு. தேரச்சு அக்சிசு, அசிசு. முதியவன் செனெக்சு, 'பழைய' என்பதற்கு இலித்துவேனியச் சொல் செனசு. கடவுள் தெயுசு, தியேவசு. பல்லும் நுகமும் இரவும் நெருப்பும் ஒருவன் சந்தையில் வாங்கிவரும் சரக்கல்ல. வீட்டிற் பிறந்த சொற்கள். எனவே இவ் விரு மொழிக்கும் உறவுண்டென்பது உறுதி. எவ்வகை உறவு என்பதே வினா.

இவ் வினாவிற்குப் பழைய வரலாற்றாசிரியர் கண்ட விடை நகைப்பிற்கிடமானது. பதினைந்தாம் நூற்றாண்டிற் போலந்து நாட்டு யான் துவுகோசு, சீசருக்கும் பாம்பேயிக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் தோற்றோடிய உரோமரே இலித்துவேனியராயினர் என்றெழுதினார். இத்தாலி என்னும் பெயரின் முன் ஓர் இலகரம் ஒட்டிக்கொண்டு இலித்துவேனியா ஆயிற்றாம்! பின்வந்த நாட்டு வரலாற்றேடுகள், நீரோ மன்னனின் கொடுமைக்கு அஞ்சிப் பாலமோன் என்னும் உரோமப் பெருமகன் தன் சுற்றத்தோடு கலமேறி அக் கரையை அடைந்தான் என்றன. 1550ஐ ஒட்டி மிக்காலோ இலித்துவானுசு என்னும் புனைபெயரார் இலத்தீனில் ஒரு நூலெழுதினார். அதன் பகுதிகள் 1615இற் பாசெல் நகரில் அச்சேறின. அதில் அவர் இரு மொழிக்கும் பொதுவான சொற்களை வரிசையாக அடுக்கிக் காட்டி, 'எம் குருதி இத்தாலியக் குருதி' என நிலைநாட்ட முயன்றார். சொற்களைத் தொகுத்த கை நல்ல கை. முடிவு கட்டிய தலைதான் பிழைபட்டது.

இது வெறும் ஏட்டுப் பொய்யாக நின்றிருப்பின் நாம் இங்கு எடுத்துப் பேச வேண்டியதில்லை. ஊரார் பேசுவது இலத்தீனின் சிதைவு எனின், சிதைவை எதற்குப் பேண வேண்டும்? மூலத்திற்கே திரும்பிவிடலாமே! அக்காலத்துக் கற்றோர் இவ்வாறே எண்ணினர். நாட்டின் சட்டத்தொகுதியை இலத்தீனிற் பெயர்த்த அவுகுசுதீனுசு உரோத்துந்துசு என்பார், இலத்தீனையே அரசுமொழியாக்க வேண்டுமென வாதிட்டார். அந்நாட்டின் மூன்று சட்டத்தொகுதிகளும், 1529, 1566, 1588 ஆகிய ஆண்டுகளில், உருத்தேனியம் என்னும் கீழைச் சிலாவிய மொழியில் எழுதப்பெற்றவை. அதனை அகற்ற எண்ணியவர்கட்கும் தம் வீட்டு வேலையாளும் உழவனும் பேசிய மொழியை அரியணையேற்றும் எண்ணம் தோன்றவில்லை. 'உரோமன் வழிவந்தேன்' என்று மார்தட்டிய பெருமகன், அதனாலேயே தாய்மொழியைத் தாழ்வாகக் கண்டான். இறுதியில் அவனுக்கு இலத்தீனும் வாய்க்கவில்லை. 1697இல் அரசு எழுத்தகங்களிற் போலந்து மொழியே இடம்பிடித்தது. பெருமக்கள் குடும்பங்கள் போலந்தியம் பேசும் குடும்பங்களாயின. மொழி உழவன் குடிசையிற் பிழைத்தது.

இனி அப் பொய் உடையும் இடத்திற்கு வருவோம். செவியைக் கேட்போம்.

செவிக்கு இலத்தீனில் அவ்ரிசு, இலித்துவேனியத்தில் அவ்சிசு. இலாத்துவியத்தில் அவ்சு. மாண்டுபோன பழம்புருசியத்தில் அவ்சின்சு எனப் பன்மையில் வழங்கிற்று. மூன்று பாலுத்திய மொழியிலும் சகரம். இலத்தீனில் மட்டும் ரகரம். மூக்கும் அவ்வாறே: இலித்துவேனியத்தில் நோசிசு, இலத்தீனில் மூக்குத்துளைகள் நாரேசு. இரண்டில் எது பழையது? இலத்தீனே விடை தருகின்றது. அம் மொழியில் இரண்டு உயிர்க்கிடையே நின்ற சகரம் முழுவதும் ரகரமாகத் திரிந்தது. பப்பீசியுசு என்றிருந்த குடிப்பெயர் பப்பீரியுசு ஆனதைச் சிசரோவே ஒரு மடலிற் குறித்துள்ளார். கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில் இத் திரிபு முடிந்துவிட்டது.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். சீசரும் பாம்பேயும் பொருதது கி.மு. முதல் நூற்றாண்டில்; நீரோ ஆண்டது கி.பி. 54 முதல் 68 வரை. அவர்கட்கு அஞ்சி ஓடிய உரோமன் எவனாயினும் அவன் வாயில் இருந்தது அவ்ரிசு. முந்நூறு நானூறு ஆண்டுகட்கு முன்பே இலத்தீன் இழந்துவிட்ட சகரத்தை அவன் எந்த மூட்டையிற் கட்டிக்கொண்டு பாலுத்தியக் கடற்கரைக்குப் போனான்? தாயிடம் இல்லாத பொருளை மகளுக்குச் சீராகக் கொடுத்தது யார்? ஒரு செவி போதும், பாலமோனின் கலம் கவிழ்வதற்கு.

ஒன்று போதாதெனின் இன்னும் கேளுங்கள். புகைக்கு இலத்தீனில் ஃபூமுசு, இலித்துவேனியத்தில் தூமசு. கதவுக்கு ஃபோரேசு, துரீசு. உடன்பிறந்தானுக்கு ஃபிராத்தெர், பிரோலிசு. இலத்தீனில் மூன்றும் ஃபகரத்திற் றொடங்குகின்றன. இலித்துவேனியத்தில் முதலிரண்டும் தகரம், மூன்றாவது பகரம். இலத்தீன் தாயெனின், ஒரே ஃபகரம் ஓரிடத்துத் தகரமாகவும் ஓரிடத்துப் பகரமாகவும் பிரிந்ததற்கு விதி என்ன? விதியில்லை. முற்காலத்து இரண்டு வெவ்வேறொலிகள் இலத்தீனில் ஒன்றாய்க் கலந்துபோயின. இலித்துவேனியம் அவற்றைக் கலவாது காத்தது. இதுவே உண்மை. ககரத்திலும் இக் கதைதான். நாய்க்கு இலத்தீனிற் கனிசு, இலித்துவேனியத்திற் சுவோ. செடித்தண்டுக்கு இலத்தீனிற் கவ்லிசு. அதனோடொத்த இலித்துவேனியச் சொல்லாகிய கவ்லசு எலும்பைக் குறிக்கும். ஒரே ககரம் ஒன்றிற் சகரமாகவும் மற்றொன்றிற் ககரமாகவும் வந்துள்ளது. நூறு என்பதற்குக் கெந்தும், சிம்தசு. நெஞ்சுக்குக் கொர்திசு, சிர்திசு. பத்துக்குத் தெக்கெம், தெசிம்து. இவை யாவும் சுவோவின் வரிசையிற் சேர்வன.

பாலொடு கலந்த நீரைப் பிரிக்கும் அன்னம் கதையில் உண்டு, மொழிகளில் இல்லை. ஒருமுறை கலந்துபோன ஒலிகளை எந்த வழிமொழியும் பிரித்தெடுத்ததில்லை. ஆகவே, ஒரு மொழி கலந்துவிட்டதை இன்னொரு மொழி பிரித்தே வைத்திருக்குமாயின், பின்னது முன்னதன் மகளாதல் இயலாது. மொழிநூலார் பக்கம் பக்கமாக எழுதும் முறையின் உயிர்நாடி இவ்வளவே.

இதனால் இலத்தீன் இலித்துவேனியத்தின் மகளென்று யாரேனும் புரட்டிச் சொல்லத் துணியின், அதற்கும் இடமில்லை. பழைய ஒகரத்தை இலத்தீன் காத்தது. இலித்துவேனியம் அதனை அகரத்தோடு கலந்துவிட்டது. ஒவிசு, அவிசு ஆகியவற்றைக் காண்க. ஆணும் பெண்ணும் அல்லாத மூன்றாம் பாற்பெயரை இலத்தீன் வைத்துக்கொண்டது; இலித்துவேனியப் பெயர்ச்சொல் அதனை இழந்தது. மறுபுறம், இடவேற்றுமையை இலத்தீன் சில ஊர்ப்பெயர்களிலும் ஓரிரு சொற்களிலும் எச்சமாகவே வைத்திருக்க, இலித்துவேனியத்தில் அஃது இன்றும் ஏழு வேற்றுமையுள் ஒன்றாய் நாள்தோறும் வழங்குகின்றது. ஆளுக்கொரு பொருளை இழந்து ஆளுக்கொரு பொருளைக் காத்த உடன்பிறந்தார் இவர். இவர்தம் தாய் எழுத்தறியுமுன்பே இறந்துபோனாள். இலத்தீன் முன்னரே எழுதப்பெற்றமையால் மூத்தவளாகத் தோன்றுகின்றாள். முதன்முதல் ஏடெடுத்தவள் என்பதனாலேயே தமக்கை தாயாகிவிடுவாளா?

இலித்துவேனியர்க்கு ஒரு பழமொழியுண்டு: தியேவசு தாவே தந்திசு, துவோசு இர் துவோனோசு. 'பல்லைத் தந்த இறைவன் அப்பத்தையும் தருவான்' என்பது பொருள். இதனை இலத்தீனில், தெயுசு தெதித் தெந்தேசு, தபித் எத் பானெம் எனலாம். முதற்பாதி இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்துவருகின்றது. பிற்பாதியைப் பாருங்கள். 'தருவான்' என்பது அங்கே தபித், இங்கே துவோசு. எதிர்காலத்தை ஒன்று பகரத்தாற் காட்ட, மற்றொன்று சகரத்தாற் காட்டுகின்றது. அப்பம் அங்கே பானிசு, இங்கே துவோனா. பல்லைக் கொடுத்த தாய் அப்பத்தைக் கொடாமற் போனாளோ?

இங்கேதான் வடமொழிப் பற்றாளர் துள்ளிக் குதிப்பர். ஏனெனில் வடமொழியில் எதிர்காலம் தாசியதி எனச் சகரம் பெற்றே வரும். தானியத்தைக் குறிக்கும் தானா என்னும் சொல் துவோனாவோடு உறவுடையதே. 'பார்த்தீரா? இலத்தீன் போனால் என்ன, எம் மொழி உண்டே' என்பர். இலத்தீனை அளந்த அதே கோலால் வடமொழியையும் அளப்போம். கோல் நம்முடையதன்று, எல்லார்க்கும் பொதுவானது.

தேனுக்கு இலித்துவேனியத்தில் மெதுசு, வடமொழியில் மது. பத்துக்குத் தெசிம்து, தச. ஏழுக்குச் செப்தீனி, சப்த. ஐந்துக்குப் பெங்கி, பஞ்ச. நான்குக்குக் கெதுரி, சத்வாரசு. இலித்துவேனியத்தில் எகரம் நின்றவிடமெல்லாம் வடமொழியில் அகரம். பழைய அகரமும் எகரமும் ஒகரமும் வடமொழியில் அகரமாகவே கலந்தன. கலந்ததைப் பிரிக்க முடியாதென்று மேலே கண்டோம். வடமொழி தாயெனின், அவிசு என்பதில் அகரத்தையும் மெதுசு என்பதில் எகரத்தையும் தேர்ந்து வைத்தது யார்? எகரம் முன்னரே இருந்தது என்பதற்கு வடமொழிக்குள்ளேயே தடம் உண்டு. நான்கைக் குறிக்கும் சொல்லில் ககரம் சகரமானது, அதன் பின் ஒருகாலத்தில் எகரம் நின்றமையாலேயே. சகரத்தை உண்டாக்கிவிட்டு அவ் வெகரம் அகரமாய் மாறிற்று. அடித்துவிட்டு ஓடிய கள்வனின் காற்சுவடு மட்டும் எஞ்சியதைப் போன்றது இது. 1870களில் ஐரோப்பிய மொழிநூலார் இதனைக் கண்டபின், வடமொழியே அக் குடும்பத்தின் மூலத்தை அப்படியே காட்டும் மொழி என்னும் பழைய கருத்து சரிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இச் செய்தி நம் நாட்டு மேடைகட்கு வந்து சேரவில்லை போலும்!

உழவனுக்கு வடமொழி விளங்கும் என்பதும் வெற்றுரையே. தந்திசு, உக்னிசு, அவிசு எனப் பொறுக்கியெடுத்த பத்துச் சொற்களை அவன் முன் வைத்தால் தலையசைப்பான். ஒரு முழு வாக்கியத்தை வைத்துப் பார்க்கட்டும்!

நம் பக்கத்தார்க்கும் ஒரு சொல். ஒலியொப்புமை கண்ட அளவிலேயே உறவு முழக்கும் பழக்கம் நம்முள்ளும் சிலரிடம் உண்டு. அது நம் கைவாளை நாமே மழுக்குவதாகும். இலத்தீனிற் கடவுள் தெயுசு, கிரேக்கத்தில் தெயோசு. பொருளும் ஒன்று, ஒலியும் நெருங்கியது. ஆயினும் இரண்டும் வேறுவேறு வேர். இலத்தீனில் 'உடைமையாகக் கொள்' என்பது அபேரே, செருமானியத்தில் ஆபென், முன்னே ஓர் அகவொலியும் சேர்த்துப் படித்தால் இரட்டையர்போல் தோன்றும், இவையும் ஒருவேர்ச் சொற்களல்ல. மறுதலையாக, பின்னியர் தம் மொழியில் உடன்பிறந்தாளைச் சிசார் என்பர். மகளைத் தூத்தார் என்பர். பல்லை அம்மாசு என்பர். மூன்றும் பழங்காலத்திற் பாலுத்திய மொழிகளிலிருந்து கடன்கொண்டவை. பல்லும் மகளும் கடனாய் வந்தும், பின்னியம் அக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் இலக்கணக் கட்டமைப்பே வேறு. சொல்லைத் தனியே பிடித்துக்கொண்டு உறவு கூறலாகாது. ஒலித்திரிபின் ஒழுங்கும் இலக்கணமும் உடன்வந்து சான்று கூற வேண்டும். அவ் வொழுங்கைக் கொண்டே எல்லிசு 1816இலும் காலுடுவெல் 1856இலும் தென்மொழிகள் வடமொழியின் வழிவந்தவை அல்ல என்று நாட்டினர். காலுடுவெல் நூல் வெளிவந்த அதே 1856இல், அவுகுசுது சிலைக்கர் என்னும் செருமானியர் இலித்துவேனிய உழவரிடையே தங்கிக் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அம் மொழிக்கு இலக்கணம் வெளியிட்டார் என்பது நினைக்கத்தக்கது.

தாய்மொழி யாதெனத் தெளியாதவர்க்கு நேர்வது என்ன என்று கேட்பார் பழம்புருசியத்தைப் பார்க்கட்டும். பாலுத்தியக் குடும்பத்தின் மூன்றாம் உடன்பிறந்தாள் அவள். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் செருமானிய மறக்குழுவினர் அந் நாட்டை வாளால் வென்றனர். எல்பிங்கு நகரிற் கிடைத்த பழைய சொற்பட்டி ஒன்றில் 802 சொற்கள், செருமானியப் பொருளோடு. 1545இல் இரண்டும் 1561இல் ஒன்றுமாகச் சமயப் பாடநூல்கள் மூன்று. இன்னும் சில துணுக்குகள். அவ்வளவுதான். 1709 முதல் 1711 வரை பரவிய கொள்ளைநோய் எஞ்சியோரையும் வாரிச் சென்றது; பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அம் மொழி பேசும் வாய் ஒழிந்தது. கொடுமையிற் கொடுமை, மொழியைக் கொன்றவர் அதன் பெயரைத் தாமே சூடிக்கொண்டமை! ஐரோப்பாவை நடுங்க வைத்த செருமானியப் புருசியா, தான் விழுங்கிய அப் பாலுத்திய மக்களின் பெயரையே தாங்கி நின்றது.

இலித்துவேனியம் அக் குழியில் விழாது தப்பியதற்கு, பெருமக்கள் கைவிட்டதைச் சிலர் கையிலெடுத்தமையே காரணம். மார்த்தீனசு மழ்வீதசு 1547இல் அம் மொழியின் முதல் அச்சுநூலைக் கோனிகசுபெர்கில் வெளியிட்டார். சொந்த நாட்டில் அன்று, எல்லைக்கப்பால். 1599இல் மிக்கலோயுசு தவுக்சா சமயவுரைத் தொகுதியொன்றை வெளியிட்டு, அதன் முன்னுரையில் தாய்மொழியை விடுதல் தகாதென வற்புறுத்தினார். அம் முன்னுரையை அவர் போலந்து மொழியிலேயே எழுத வேண்டியிருந்தது. அறிவுரை தேவைப்பட்டோர் அம் மொழியைத்தானே படித்தனர்! 1653இல் தானியேல் கிளைன் எழுதிய முதல் இலித்துவேனிய இலக்கணமோ இலத்தீனிலேயே இருந்தது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். இலித்துவேனியர் எழுதுவது இலத்தீன் எழுத்து. 1864இல் உருசிய ஆளுநர் முராவியோவ் அவ் வெழுத்தில் இலித்துவேனிய நூல் அச்சிடுவதைத் தடுத்து, உருசிய எழுத்தைத் திணித்தார். நாற்பது ஆண்டு, 1904 வரை, அத் தடை நீடித்தது. மக்களோ தில்சித்து முதலிய புருசிய நகரங்களில் அச்சிட்டு, எல்லைக்காவலர்க்கு மறைந்து, முதுகிற் சுமந்துவந்து படித்தனர். பிடிபட்டோர் சைபீரியாவிற்கு நாடுகடத்தப்பட்டனர். இலத்தீன் எழுத்துக்காக இவ்வளவு துன்பம் ஏற்றவர் இலத்தீன் மொழிக்கு அடிமையாயினரா? இல்லை. எழுத்து கருவி, சொல்லே உயிர் என்று அவர்கள் தெளிந்திருந்தனர். தடை நீங்குமுன்னரே, போலந்து முறையில் ஈரெழுத்தாக எழுதிவந்த ஒலிகட்கு ஓரெழுத்தும் மேற்குறியும் அமைத்து, அவ் வெழுத்தையும் தம் ஒலிக்கேற்பத் திருத்திக்கொண்டனர்.

யோனசு யாபுலோன்சுகிசு 1901இல் வெளியிட்ட இலக்கணம், தடையின் காரணமாகப் புனைபெயரில் தில்சித்திலேயே அச்சாயிற்று. ஏட்டுமொழியில் மண்டியிருந்த சிலாவியச் சொற்களையும் தொடர்களையும் களைந்து, சிற்றூர் மக்களின் பேச்சிலிருந்து சொல்லெடுத்து அம் மொழியை நிமிர்த்தியவர் அவர். அவர்க்கு முன்னும் பின்னும் பலர் சொல்லாக்கத்தில் உழைத்தனர். எரிதலைக் குறிக்கும் தெக்தி என்னும் வினையிலிருந்து தீக்குச்சிக்குத் தெக்துகசு; உயிர்வளிக்குத் தெகுவோனிசு. தண்ணீரைக் குறிக்கும் வந்துவோவிலிருந்து நீர்வளிக்கு வந்தெனிலிசு. காலம், காட்டுதல் என்னும் இரு சொற்களை இணைத்துக் கடிகாரத்திற்கு இலைக்ரோதிசு. எல்லாம் வீட்டு மரத்தில் வெட்டிய கலப்பைகள். அண்டையிலுள்ள இலாத்துவியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலுனான்சு, குரோன்வால்டுசு முதலியோர் முயற்சியால் இவ்வாறே புதுச்சொல் படைத்தனர். 'வருதல்' என்னும் வினையிலிருந்து எதிர்காலத்திற்கு நாகொத்னே என்றாக்கினர்.

அயற்சொல் அறவே இல்லையோ எனின், உண்டு. கோவிலைக் குறிக்கும் பழ்னீசியா சிலாவியச் சொல். குருவைக் குறிக்கும் குனிகசு செருமானிய வழியது. வேரூன்றிய சிலவற்றை அவர்கள் விட்டுவைத்தனர். பல்கலைக்கழகத்தை உனிவெர்சித்தேத்தசு என்கின்றனர். இதிற் கூட ஒன்று காண்க: அயற்பெயர்ச்சொற்களிற் பெரும்பாலானவை இலித்துவேனிய ஈறு பெற்றே உள்ளே நுழைகின்றன, ஈறின்றேல் வேற்றுமையுருபு ஏற்காது. சேக்சுபியரே ஆயினும் செக்சுபீரசு என்று ஈறு பெற்றே இலித்துவேனிய நூல்களில் நடக்கின்றார், இலாத்துவியத்திற் செக்சுபீர்சு. அயலெழுத்தை நீக்கித் தன்னெழுத்தாற் புனைந்து ஏற்க வேண்டுமெனத் தொல்காப்பியர் நமக்கு வகுத்த நெறியை, அவரைக் கேள்விப்படாத மக்கள் தம் இயல்பாலேயே கைக்கொண்டிருக்கின்றனர். 1941இல் முதன்மடலம் வெளிவந்த இலித்துவேனியப் பேரகரமுதலி 2002இல் இருபதாம் மடலத்தோடு நிறைவுற்றது. இடையிற் போரும் அயலாட்சியும் நாடுகடத்தலும் வந்தன, பணி நிற்கவில்லை. மொழி பேசுவோரோ ஏறத்தாழ முப்பது இலக்கம் பேர்.

'தூய்மை பேசுவது சிறுமொழிக்காரரின் தாழ்வுணர்ச்சி. இலத்தீன் போன்ற பெருமொழி கவலையின்றிக் கடன்வாங்கும்' என்று நமக்குப் பாடம் சொல்ல வருவார் உளர். அவர்கள் இலத்தீனையும் படித்ததில்லை. கிரேக்க மெய்ப்பொருளியலை உரோமர்க்கு எடுத்துரைக்கப் புகுந்த சிசரோ, கிரேக்கச் சொற்களை அப்படியே அள்ளிக் கொட்டவில்லை. 'எத்தகையது' என்னும் பொருள்தரும் குவாலிசு என்ற தம் சொல்லிலிருந்து பண்பிற்குக் குவாலித்தாசு என்று படைத்தார். வழக்கத்தைக் குறிக்கும் மோசு என்பதிலிருந்து ஒழுக்கத்தைப் பற்றியதற்கு மொராலிசு என்று படைத்தார். இன்று ஐரோப்பா முழுதும் வழங்கும் அச் சொற்கள் ஒருகாலத்திற் புத்தாக்கங்கள்.

திபேரியுசு மன்னரின் செய்தியைச் சுவெத்தோனியுசு எழுதிவைத்துள்ளார். கிரேக்கம் நன்கறிந்தவர் அம் மன்னர். ஆயினும் பெருமன்றத்திற் பேசுகையில், ஒருவரே தனித்து விற்கும் உரிமையைக் குறிக்கும் மொனொபோலியும் என்னும் கிரேக்கச் சொல்லை ஆள நேர்ந்தபோது, அயற்சொல்லை ஆளுவதற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மற்றொரு முறை மன்றத்தின் தீர்மானமொன்றில் எம்பிளேமா என்னும் கிரேக்கச் சொல் படிக்கப்பெற்றது. அதனை நீக்கி நம் சொல் ஒன்றை இடுக என்றார். அத்தகைய சொல் கிட்டாவிடின், பல சொற்களால் விரித்தேனும் எழுதுக என்றார்.